மறு: ‘டெஸ்ட் ரீஸ்டோர்’ – மீட்பு ஒத்திகை என்றே வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

பேக்கப் மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘டெஸ்ட் ரீஸ்டோர்’ என்பதற்கு, அதாவது எடுத்துவைத்த நகலிலிருந்து கோப்புகளை உண்மையாகவே மீட்டுப் பார்ப்பதற்கு, என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன்: காப்புநகல் சரிபார்ப்பு, மீட்டெடுப்புச் சோதனை, வெள்ளோட்டம், மீட்பு ஒத்திகை. என் வாக்கு கடைசிச் சொல்லுக்கு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொத்தானில் நாம் வைக்கும் சொல்லை நம்பித்தான் ஒருவர் பழைய வட்டை அழிக்கப்போகிறார்.

> ‘வெரிஃபை’க்குச் ‘சரிபார்’ ஏற்கெனவே இருக்கிறது. அதையே இங்கும் வைத்துவிடலாமே?

வேண்டாம். பேக்கப் மென்பொருள் ‘வெரிஃபை’ செய்யும்போது, பெரும்பாலும் நகலின் செக்சம் (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எழுதியபோது இருந்தபடியே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சில கருவிகள் கேட்டால் ஒழிய அதையும் முழுதாகச் செய்யாது. ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியில் வெறும் ‘செக்’ கொடுத்தால் நகல்கள் இருக்கும் களஞ்சியத்தின் கட்டமைப்பை மட்டும் பார்க்கும். உள்ளே உள்ள தரவு முழுவதையும் படித்துப் பார்க்க ‘ரீட்-டேட்டா’ என்ற தெரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், நகல் கெடவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

கெடாத நகலிலிருந்தும் மீட்க முடியாமல் போகலாம். நகலைப் பூட்டிய கடவுச்சொல் செத்துப்போன அதே வட்டில் மட்டும் இருந்திருக்கலாம். 500 ஜிபி வட்டின் படிமத்தை (முழு வட்டின் நகலை) 480 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்கப் போனால், இடம் போதாது என்று, வட்டுகளைப் படியெடுக்கும் குளோன்சில்லா மென்பொருள் நின்றுவிடும். உள்ளே பாதி காலியாக இருந்தாலும் அப்படித்தான். கோப்புகளை மட்டும் புது வட்டுக்குக் கொண்டுவந்தால், எந்த வட்டை இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய வட்டின் அடையாள எண்ணே இருக்கும், கணினி பூட் ஆகாது. இவை எதுவும் செக்சத்தில் தெரியாது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. ‘கொ’ நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது இரண்டு குறி, 6 பைட்டு. லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வட்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டிலோ பெயர் 255 குறிகள் வரை போகலாம். ஆகவே விண்டோஸில் கட்டுரைத் தலைப்பையே முழுநீளக் கோப்புப் பெயராக வைத்துச் சேமித்ததை லினக்ஸ் வட்டில் மீட்கும்போது, நீளமான பெயர்கள் மட்டும் பிழை காட்டி விடுபட்டுப் போகும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதிக்கும் யாருக்கும் இது அகப்படாது. நம் மொழியில் கோப்பு வைத்திருப்பவர்கள் நாமேதான் மீட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, ‘வெள்ளோட்டம்’. அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் வெள்ளோட்டம் விடுவது புதிதாகச் செய்த தேருக்கோ கப்பலுக்கோ, முதல் தடவை மட்டும். நாம் பேசும் வேலை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது; மென்பொருள் பதிப்பு மாறினால், வட்டு மாறினால், மறுபடியும். அதோடு ‘டிரை ரன்’ என்பதற்கு ஒரு சொல் நமக்குத் தேவை. ‘போர்க்’ (Borg) என்ற பேக்கப் கருவியில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ கட்டளைக்கு டிரை ரன் தெரிவு உண்டு. நகலைப் படித்து, பூட்டைத் திறந்து, விரித்துப் பார்க்கும், எதையும் வட்டில் எழுதாது. வெள்ளோட்டத்தை அதற்கு ஒதுக்கிவைப்போம்.

‘மீட்டெடுப்புச் சோதனை’யில் பிழை ஒன்றும் இல்லை. வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகுந்திருக்கிறது, எல்லாம் சரி. என் தயக்கம் பொருளைப் பற்றியது. ‘சோதனை’ என்றால் மென்பொருள் தானே பின்னணியில் செய்துகொள்ளும் என்று பயனர் நினைப்பார். இங்கே செய்ய வேண்டியவர் அவர்தான்: வேறொரு வட்டை எடுத்து, கடவுச்சொல்லைத் தேடி எடுத்து, நகலை இறக்கி, கணினியைப் பூட் செய்து, நாலு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

‘மீட்டல்’ என்பது எப்போதும் போனதைத் திரும்பக் கொண்டுவருவது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. அடகு வைத்ததை மீட்கிறோம். எதையும் இழக்காமல் இருக்கும்போதே, இழந்ததாக வைத்துக்கொண்டு மீட்டுப் பார்ப்பதற்கு நம்மிடம் உள்ள சொல் ஒத்திகை.

> ஒத்திகை நாடகச் சொல். பொய்யாகச் செய்வது போல் தொனிக்காதா?

தொனிக்காது என்றே நினைக்கிறேன். தீயணைப்பு ஒத்திகை, பேரிடர் ஒத்திகை என்று செய்தித்தாள்கள் நாளும் எழுதுகின்றன. அவற்றை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. நாடகத்திலும், வசனத் தாளைச் சரிபார்த்துவிட்டு யாரும் மேடை ஏறுவதில்லையே.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று பட்ட பாட்டைப் பார்க்கலாம். அவர்களே அதைப் பொதுவில் விரிவாக எழுதினார்கள். பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், அங்கே ஒன்றும் இல்லை. பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.6 பதிப்பு, நிரல் பிழை சொல்லி நின்றுகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போலி அஞ்சலைத் தடுக்கும் டிமார்க் கட்டுப்பாட்டால் நிராகரிக்கப்பட்டன, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு வட்டு ‘ஸ்னாப்ஷாட்’தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) காப்பாற்றியது. ஒரே ஒரு ஒத்திகை பார்த்திருந்தாலும் அந்தக் காலி இடம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு இதுதான். ‘ரீஸ்டோர்’ – மீட்டெடு (‘மீட்டமை’ பல இடங்களில் ‘ரீசெட்’டுக்குப் போய்விட்டது, அதைத் தொட வேண்டாம்). ‘வெரிஃபை பேக்கப்’ – நகலைச் சரிபார். ‘டெஸ்ட் ரீஸ்டோர்’ – மீட்பு ஒத்திகை. பொத்தானில் ‘ஒத்திகை பார்’. புணர்த்தி ‘மீட்பொத்திகை’ என்று எழுதலாம்தான், ஆனால் இடைமுகத்தில் பிரித்தே இருக்கட்டும், தேடுபவருக்கு எளிது.

இன்னொரு கோரிக்கை, மொழிபெயர்ப்போடு மட்டும் முடியாதது. சரிபார்ப்பு முடிந்ததும் பச்சை அடையாளத்தோடு ‘உங்கள் கோப்புகள் பாதுகாப்பாக உள்ளன’ என்று காட்டும் வாசகத்தை அப்படியே தமிழாக்க எனக்கு மனம் வரவில்லை. ‘நகல் சிதையவில்லை. மீட்பு ஒத்திகை இன்னும் பார்க்கவில்லை’ என்று இரண்டு வரியாகக் காட்ட நிரலாளர்களிடம் கேட்கலாமா? ஒத்திகை பார்த்தவருக்கு இரண்டாம் வரியில் அந்தத் தேதி வரட்டும். மறுப்பு இல்லையென்றால் வழுப்பதிவை நானே எழுதுகிறேன்.