சூடேறும் தரை மேல் ஷவர் திட்டு: ஸ்க்ரூ இல்லாமல் கட்ட முடியுமா?

கேட்டவர்:
குளியலறைத் தரையில் மின்சார ஹீட்டிங் கேபிள் பதித்து, மேலே சமன்செய்யும் கலவையும் ஊற்றியாகிவிட்டது. டைல் இன்னும் போடவில்லை. ஷவர் தண்ணீர் வெளியே வராமலிருக்க நான்கு அங்குல உயரத்தில் ஒரு திட்டு வேண்டும். மரக்கட்டை வைத்து ஸ்க்ரூ அடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. எனக்குத்தான் பயம். வேறு வழி உண்டா?

பதில் 1:
டிரில்லை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு ஸ்க்ரூ கேபிளில் இறங்கினால் அந்தச் சுற்று முழுக்கப் போய்விடும். அப்புறம் பழுது தேடித் தரையை உடைக்க வேண்டும். செங்கல்லோ கான்கிரீட் பிளாக்கோ டைல் பசையில் உட்கார்ந்தாலே அசையாது. கடின ஃபோமில் ரெடிமேடாக வரும் திட்டும் அப்படித்தான் ஒட்டும். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். டைல் இணைப்பு விரிந்துவிடும்.

திட்டு வரும் இடத்துக்கு அடியில் கேபிள் போகிறதா?

கேட்டவர்:
பதிக்கும்போது எடுத்த போட்டோவில் பார்த்தேன். நெடுக இரண்டு வரி அடியிலேயே போகிறது.

பதில் 2:
அப்படியானால் பசை, ஸ்க்ரூ எல்லாம் இரண்டாவது பேச்சு. திட்டுக்கு அடியில் சூடு வெளியேற வழியில்லை, கேபிள் அளவுக்கு மீறிச் சூடாகும். ஃபோம் வைத்தால் இன்னும் மோசம். கேபிளை வெட்டிச் சுருக்கவும் முடியாது. திட்டை ஷவர் பக்கமாகச் சில அங்குலம் நகர்த்துங்கள். அந்த வரிகள் வெளித்தரையில் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அவை ஷவருக்குள் வரும். ஈர இடத்துக்கு அனுமதி உண்டென்று கேபிளின் கையேட்டில் இருந்தால்தான் அது சரி.

இடத்தை உறுதிசெய்ய வெப்பக் கேமரா உதவும். ஆனால் கலவை முழுதாகக் காயும் முன் ஹீட்டரை ஓடவிட வேண்டாம். திட்டு கட்டும் முன்னும் பின்னும் மல்டிமீட்டரில் கேபிளின் மின்தடையை (ஓம்) அளந்து, கேபிள் லேபிளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
நகர்த்த இடமிருக்கிறது. வாட்டர்ப்ரூஃபிங் எப்போது?

பதில் 1:
திட்டு கட்டிய பிறகு, தரையிலிருந்து ஏறி அதன் மேல் வழியாக மறுபக்கம் இறங்கும்வரை ஒரே உறையாக. திட்டின் மேற்பரப்பு ஷவர் பக்கம் லேசாகச் சரியட்டும், 2 சதவீதம் போதும். டைலுக்கு முன் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்.

கண்ணாடிக் கதவு மாட்ட வருபவரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். திட்டின் தலையில் துளை போடாமல், அடிச்சட்டத்தை சிலிகானில் ஒட்டச் சொல்லுங்கள். துளை போட்டால் வாட்டர்ப்ரூஃபிங் உறை கிழிந்துவிடும்.