லோகூர் ஓடைப்பாலத்தில் கற்கள் ஏன் கோணலாகப் போகின்றன?

புளியந்தோப்புக்காரன்:
வணக்கம். எங்கள் தோப்பை ஒட்டி, பொம்மிடியிலிருந்து சேலம் போகும் ரயில் பாதைக்கு அடியில் ஒரு கல் பாலம் இருக்கிறது. சேர்வராயன் மலையில் மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும். மற்ற நாளில் ஆடு மாடு போகிற வழி. சின்ன வயதில் வெயிலுக்கு அங்கேதான் படுத்துக் கிடப்பேன். மேலே வண்டி போனால் முதுகுக்கடியில் மணல் அதிரும், கல் ஒன்றுகூட அசையாது.

போன வாரம் மகளைக் கூட்டிப் போனபோதுதான் கவனித்தேன். வளைவின் அடியில் கல் வரிசைகள் பக்கச்சுவரோடு ஒட்டி நேராகப் போகவில்லை, சாய்வாக ஏறுகின்றன. "கொத்தனார் தப்பா வச்சுட்டாராப்பா?" என்றாள். எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாலக்கொத்தனார்:
தப்பே இல்லை தம்பி. இதை ஸ்க்யூ ஆர்ச் என்போம். உங்கள் ஓடை பாதையைச் சாய்வாகக் கடக்கிறது. ஓடையையும் திருப்ப முடியாது, ரயிலையும் சட்டென்று வளைக்க முடியாது, அதனால் பாலமே கோணலாக நிற்கிறது. அதில் கல்லை வழக்கம்போல அடுக்கினால், முகப்பு ஓரத்துப் பாரம் இறங்க ஒரு பக்கம் சுவரே இருக்காது, முனை பிளந்துவிடும். அதற்காகத்தான் வரிசைகளைத் திருகுபோலத் திருப்பிவிடுவது. ஒவ்வொரு கல்லையும் லேசாக முறுக்கிச் செதுக்க வேண்டும். அப்படி ஒரே ஒரு கல்லை மாற்ற எங்கள் இரண்டு பேருக்கு நான்கு நாள் ஆனது.

இன்னொன்று, இடுக்கில் யாரும் சிமெண்ட் பூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்தால் ஈரம் கல்லுக்குள் நின்று, முகம் செதில் செதிலாக உதிரும்.

ரயில் பிரியன், சூரமங்கலம்:
ராயபுரத்திலிருந்து 1856இல் ஓடத் தொடங்கிய ரயில் 1861இல் சேலம் வந்தது. விக்டோரியா 1837இல் ராணியான பிறகு வந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ரயிலுக்காகப் பெரிய பெரிய கல் பாலங்கள் எழுந்தன. ஸ்காட்லாந்தின் பாலக்மைல் பாலம் 1848இல் முடிந்தது. நடு வளைவு மட்டும் 181 அடி அகலம், இன்றும் அதன்மேல் வண்டி ஓடுகிறது! அந்த அனுபவத்தோடு வந்த பொறியாளர்கள்தான் நம் பாதையையும் போட்டார்கள்.

நம் பாதை இரட்டையானது பிற்பாடு. இரண்டாவது தண்டவாளத்துக்காகப் பாலத்தை நீட்டியிருப்பார்கள், உள்ளே பழையதும் புதியதும் சேரும் ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

புளியந்தோப்புக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு போனோம். தெரிகிறது! பாதி தூரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் கான்கிரீட், இந்தப் பக்கம் சாய்ந்த கற்கள். மகள் 33 வரிசை எண்ணினாள். ஐயா, கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது, பிடுங்கிவிடட்டுமா?

பழைய பாலக்கொத்தனார்:
வேண்டாம் தம்பி, இழுத்தால் வேரோடு கல்லும் வரும். தண்டவாளப் பக்கம் நீங்கள் ஏறவும் கூடாது. பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுங்கள். மழைக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.