உதவி: ஸ்டோ-ஆன்-த-வோல்டில் பழைய இன் (சத்திர ஹோட்டல்), லிஃப்ட் இல்லை. வச்சுக்கலாமா, கேன்சல் பண்ணலாமா?

பனித்துளி88
கொஞ்சம் அவசரம். இங்கிலாந்துல காட்ஸ்வோல்ட்ஸ் கிராமப்பக்கம் போறோம், ஸ்டோவில் ஒரு பழைய இன்ல ரூம் போட்டாச்சு. கல் சுவர், ஓக் உத்தரம்னு படத்துல அருமையா இருக்கு. அம்மாவும் வர்றாங்க, அவங்களுக்கு முழங்கால் சரியில்லை. லிஃப்ட் இல்லைங்கிறதை இப்பதான் கவனிச்சேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள கேன்சல் பண்ணாதான் பணம் திரும்ப வரும். என்ன பண்ணலாம்?

கல்வீடு
எந்த மாடி? எந்த மாசம்? எத்தனை பேர்? காரா, ரயிலா? அம்மாவால படியே ஏற முடியாதா, மெதுவா ஏறிடுவாங்களா? இது தெரியாம யாரும் உருப்படியா பதில் சொல்ல முடியாது.

டிட்காட்வாசி
கேன்சல் பண்ணிட்டு மோர்ட்டன்-இன்-மார்ஷ்ல போடுங்க. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷன்ல ஏறினா நேரா போய் இறங்கலாம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஸ்டேஷன்ல இருந்து கடைத்தெரு சில நிமிஷ நடை, ஊரே சமதளம். ஸ்டோ கிட்டத்தட்ட 240 மீட்டர் உயரத்துல மேட்டு மேல இருக்கு. அங்க இருந்த ஸ்டேஷனை 1962லயே மூடிட்டாங்க. மோர்ட்டன்ல இறங்கி 801 பஸ் பிடிக்கணும், ஞாயித்துக்கிழமை பஸ் ரொம்பக் குறைவு. டாக்சியும் முன்னாடியே சொல்லி வைக்காம கிடைக்காது.

பெரியவர்_ஆக்ஸ்போர்டு
இந்தக் கேள்வியை இங்க எத்தனையோ பேர் கேட்டு, பதிலும் சொல்லியாச்சு. தேடிப் பாக்கிற பழக்கமே போயிடுச்சு. இன்னுக்கு ஒரு ஃபோன் போட்டு "எத்தனை படி"ன்னு கேக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? ரூம் போடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை அது. அழகைப் பாத்து ரூம் எடுக்கிறவங்களுக்கு இங்க யாரும் உதவ முடியாது.

பனித்துளி88
ஜூலை. ரயில்தான். மூணு பேர். முதல் மாடின்னு போட்டிருக்கு. அம்மா கைப்பிடி இருந்தா மெதுவா ஏறுவாங்க.

கல்வீடு
அப்படின்னா இன்னும் கேன்சல் பண்ணாதீங்க. முதல்ல ஃபோன். ஆனா எத்தனை படின்னு மட்டும் கேட்டு வச்சுடாதீங்க. பழைய சத்திரங்கள்ல எண்ணிக்கையை விட படியோட வடிவம்தான் காலை வாரும். திருப்பத்துல ஆப்பு மாதிரி வெட்டின படிகள் இருக்கும். உள்பக்கம் பாதம் வைக்கவே இடம் இருக்காது, வெளிப்பக்கமா ஏறணும். கைப்பிடி பல இடத்துல உள்பக்கம் மட்டும்தான், சில இடத்துல மரத்துக்குப் பதிலா கயிறு. கைப்பிடி எந்தப் பக்கம்னு கேட்டு, படிக்கட்டை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பெரும்பாலும் அனுப்பிடுவாங்க.

அடுத்தது மாடி வராந்தா. ரெண்டு மூணு தனி வீட்டைச் சேர்த்து ஒரே இன்னாக்கி இருப்பாங்க. அதனால மாடி ஏறின பிறகும் வராந்தா நடுவுல ரெண்டு படி இறங்கும், ஒரு படி ஏறும். ராத்திரி பாத்ரூம் போற வழியில அது வருதான்னு கேளுங்க. ரூமோடயே பாத்ரூம் இருக்கா, வராந்தாவுக்கு எதிர்ப்பக்கமான்னு பாருங்க. "உங்களுக்கு மட்டுமான தனி பாத்ரூம்"னு போட்டிருந்தா பல இடத்துல அது வெளியிலதான் இருக்கும்.

மூணு பேர்னா ஒரே ரூம்ல போட்டிருக்கீங்களா? இங்க டபுள் கட்டில்னா 135 செ.மீ. அகலம்தான், கிங் 150. மூணாவது ஆளுக்கு சோஃபாவை விரிச்சா நடக்க இடம் இருக்காது.

ரொம்ப முக்கியம்: பின்முற்றத்துல பழைய குதிரை லாயத்தை ரூமா மாத்தி இருக்காங்களான்னு கேளுங்க. உத்தரம், கணப்பு எல்லாம் இல்லாததால படத்துல எடுபடாது. ஆனா தரைத்தளம், வாசல்ல ஒரு படிதான் இருக்கும், பார் சத்தமும் குறைவு.

வன்னியூரான்
கல்வீடு சொன்னது சரி. ஆனா படியை விட குளிக்கிற இடம்தான் ஆபத்து. கன இடத்தில குளியல் தொட்டிக்கு மேல ஷவர் பூட்டி இருப்பினம். தொட்டி விளிம்பு அரை மீட்டர் உயரம் வரும், முழங்கால் மடிக்க ஏலாத ஆக்கள் அதைத் தாண்டுறது கஷ்டம், ஈரத்தில வழுக்கும். "ஷவர் இருக்கு" எண்டு சொன்னால் நம்பாதேங்கோ, தொட்டிக்குள்ளயா, தனியாவா எண்டு கேளுங்கோ. தனி ஷவர் எண்டாலும் கீழ் விளிம்பு எவ்வளவு உயரம், பிடிக்கக் கைப்பிடி பூட்டி இருக்கோ எண்டும் கேளுங்கோ.

பெரியவர்_ஆக்ஸ்போர்டு
இத்தனை கேள்வி கேட்டாலும் கட்டடம் மாறப் போறதில்லை. இதெல்லாம் பாரம்பரியக் கட்டடம்னு அரசாங்கம் பாதுகாப்புப் பட்டியல்ல சேர்த்த கட்டடங்கள். லிஃப்ட் வைக்க சட்டமே விடாது. இது தெரிஞ்சுதான் போகணும்.

டிட்காட்வாசி
சட்டம் விடாதுன்னு சொல்றது தப்பு. அனுமதி வாங்கணும், அவ்வளவுதான். அனுமதி இல்லாம இடிச்சு மாத்தினாதான் குற்றம். பட்டியல்ல இருக்கிறதுல பத்துல ஒன்பதுக்கு மேல கிரேடு 2தான், அதாவது பட்டியலோட கீழ்நிலைப் பிரிவு. பின்பக்கம் புதுசா கட்டின பகுதியில லிஃப்ட் வச்ச ஹோட்டல்கள் உண்டு.

பெரியவர்_ஆக்ஸ்போர்டு
எட்டு ரூம் வச்சிருக்கிற சத்திரத்துல எங்க புதுப் பகுதி கட்டுவான்? முன்பக்க ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போடவே மல்லுக்கட்டணும்.

டிட்காட்வாசி
அதுக்குத்தான் உள்பக்கமா இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடறாங்க, தெருச்சத்தம் நல்லாவே அடங்கும். 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டிய கடமையும் அவங்களுக்கு உண்டு. லிஃப்ட் வைன்னு கட்டாயப்படுத்த முடியாது. ஆனா கூடுதல் கைப்பிடி, தரைத்தள ரூம் காலியா இருந்தா மாத்தித் தர்றதெல்லாம் கேக்கலாம். கேக்காமலே "பழைய கட்டடம், அப்படித்தான்"னு சொல்றதுதான் எனக்குப் பிடிக்கலை.

பெரியவர்_ஆக்ஸ்போர்டு
கடமை இருக்குன்னு சட்டம் சொல்லும். சனிக்கிழமை ராத்திரி எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கும்போது எதை மாத்தித் தருவான்?

வன்னியூரான்
ரெண்டு பேரும் அதைத் தனி இழையில கதையுங்கோ. பிள்ளைக்கு இண்டைக்கு ராத்திரிதான் கெடு.

கல்வீடு
ஜூலைங்கிறதால இன்னொண்ணு. சரிவுக் கூரைக்கு அடியில இருக்கிற ரூமை மட்டும் ஒத்துக்காதீங்க. கல் சுவர் கீழ்த்தளத்தைக் குளுமையா வச்சிருக்கும். கூரைக்கு நேர் கீழ சரிஞ்ச சுவர், சின்ன ஜன்னல், ஏசி கிடையாது. வெயில் நாள்ல ராத்திரியும் சூடு இறங்காது. விடியக்காலம் அஞ்சு மணிக்கே வெளிச்சம் வந்துடும், கனமான திரைச்சீலை இருக்கான்னும் கேளுங்க. ஃபேர்ஃபோர்டுல விமானக் கண்காட்சி ஜூலையிலதான் நடக்கும், அந்த வாரக்கடைசியில சுத்துவட்டாரத்துல ரூம் விலை ஏறிடும். இப்ப கேன்சல் பண்ணிட்டு வேற தேடுறதுக்கு முன்னாடி தேதியை ஒத்துப் பாத்துக்கோங்க. சனிக்கிழமை மட்டும் ஒரு ராத்திரி பல இடத்துல தரமாட்டாங்க, ரெண்டு ராத்திரி போடச் சொல்லுவாங்க.

டிட்காட்வாசி
மாத்தறதா இருந்தா சிப்பிங் கேம்டனும் பாருங்க. கடைத்தெரு நீளமானது, மேடு அதிகம் இல்லை, 1627ல கட்டின சந்தை மண்டபம் நடுவுலயே இருக்கு. ஸ்டேஷன் கிடையாது, மோர்ட்டன்ல இருந்துதான் போகணும். காட்ஸ்வோல்ட்ஸை விட்டுட்டு தெற்கே சஸெக்ஸ்ல இருக்கிற ரை ஊரை யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. ஸ்டேஷன் இருக்கு, ஆனா மெர்மெய்ட் தெரு முழுக்க உருண்டைக் கல் பாவின ஏத்தம். முழங்கால் வலியோட அதுல நடக்கவே முடியாது.

பனித்துளி88
ஃபோன் பண்ணிட்டேன். மாடிக்கு 17 படி, நடுவுல திருப்பம், கைப்பிடி உள்பக்கம் மட்டும். பின்னாடி லாயத்துல ரெண்டு ரூம் காலியா இருந்துச்சு, மாத்திக் குடுத்துட்டாங்க. கூடுதல் பணம் கேக்கலை. நன்றி எல்லாருக்கும்.

வன்னியூரான்
நல்லது. அங்க ஷவர் தொட்டிக்குள்ளயா, தனியாவா?

கல்வீடு
@பனித்துளி88 இதைக் கேட்டீங்களா? நேரம் இருக்கும்போதே திரும்ப ஒரு ஃபோன் போட்டுடுங்க. மோர்ட்டன்ல இருந்து டாக்சியும் இன்னைக்கே சொல்லி வச்சுடுங்க. பெட்டிகளோட அம்மா பஸ் படி ஏற வேண்டாம்.