டெல்லி கணேஷ் போய்ட்டார்... வில்லனும் சமையக்காரரும் ஒரே ஆள்னு எங்கப்பா நம்பவே மாட்டேங்கிறார்

தங்கச்சிமடத்தான்:
சனிக்கிழமை டோக்கன் போட்டு கடலுக்குப் போனது, உள்ள டவர் எங்க கிடைக்குது, ஞாயித்துக்கிழமை காலைல ஜெட்டிக்கு வந்து போனை ஆன் பண்ணா வாட்ஸ்அப் பூரா அவர் போட்டோ. சனி ராத்திரி சென்னைல இறந்துட்டாராம், 80 வயசு. ஐஸ் பொட்டில மீனை அள்ளிப் போட்டுக்கிட்டே எங்க போட்டு ஆளுங்க அஞ்சு பேரும் அவர் நடிச்ச ஒவ்வொரு சீனா சொல்லிக்கிட்டு இருந்தோம், ஒருத்தன் சொன்னது இன்னொருத்தன் சொல்லல, அம்புட்டு இருக்கு.

வீட்டுக்கு வந்து அப்பாட்ட சொன்னேன். "யாரு, அந்த சமையக்கார ஐயரா"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அவருக்கு டெல்லி கணேஷ்னா மைக்கேல் மதன காமராஜன் பாலக்காட்டு மணி ஐயர் மட்டும்தான். நான் சும்மா இல்லாம, அதுக்கு முந்தின வருசம் 1989ல வந்த அபூர்வ சகோதரர்கள்ல பிரான்சிஸ் அன்பரசுன்னு ஒரு வில்லன் வருவானே அதுவும் இவர்தான்பான்னு சொல்லிட்டேன். "போடா, அவன் முழியே வேற"ன்னு சண்டைக்கு வர்றார். மூணு நாளா இதே பேச்சு. உங்களுக்கும் இப்படி அவர்னே தெரியாம பாத்த படம் எதுவும் உண்டா?

பாம்பன் வாடை:
எனக்கு பசி. 1979 படம், நான் பாத்தது ரொம்ப வருசம் கழிச்சு டெக் வாடகைக்கு எடுத்து. ரிக்ஷா இழுக்குற அப்பன், சோபாவுக்கு அப்பாவா வருவார். அந்த ஒடுங்குன உடம்பும் மெட்ராஸ் பாஷையும் பாத்தா எங்கேயோ குப்பத்துலேர்ந்து ஒரு ஆளைப் புடிச்சிட்டு வந்து நிக்க வச்சுட்டாங்கன்னுதான் நெனச்சேன். தமிழ்நாடு அரசு சிறப்புப் பரிசு அதுக்குத்தான் குடுத்துச்சு. பட்டர் தொப்பையும் பூணூலுமா பாத்த ஆளை அதுல தேடுனா கிடைக்க மாட்டார்.

உச்சிப்புளி பென்ஷனர்:
தம்பிங்களா, நானும் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவன்ங்கிறதால சொல்றேன், அவர் 1964லேர்ந்து பத்து வருசம் விமானப்படைல இருந்தவர். சொந்த ஊர் வல்லநாடு, நம்ம தூத்துக்குடிப் பக்கம். டெல்லில நாடகம் போட்டுட்டு வந்தவர்ங்கிறதால கே.பாலச்சந்தர் வச்ச பேருதான் டெல்லி கணேஷ். இப்போ இறந்ததும் ஏர்ஃபோர்ஸ்காரங்க வந்து மரியாதை செஞ்சாங்கள்ல, டிவில பாத்துட்டு வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பாத்தா, கண்ணாடி தூசின்னு சொல்லி சமாளிச்சேன். நாயகன்ல வேலு நாயக்கர் கூடவே நிக்கிற ஐயர் இருக்காரே, நாயக்கருக்கு இந்தி தெரியாது, இவர்தான் மொழிபெயர்த்துச் சொல்லணும், அந்த ரோலைத்தான் நான் முதல்ல சொல்வேன். வடக்கே போய் வேலை பாத்த ஒவ்வொரு தமிழனும் யாருக்காவது அப்படி நின்னிருப்பான்.

கீழக்கரை உம்மா வீட்டுப்புள்ள:
எல்லாரும் புகழ்றீங்க, நான் ஒரு கொறை சொல்லிக்கிறேன், அவரை இல்ல, படம் எடுத்தவங்கள. 400 படத்துக்கு மேல நடிச்ச மனுசனுக்கு எத்தன படத்துல ஐயர் வேசமும் வக்கீலும் பொண்ணோட அப்பாவும் மட்டும் குடுத்திருக்காங்க? ரெண்டு சீன் வந்து காப்பி குடிச்சிட்டு போறதுக்கு இவரா வேணும். ஆனா அந்த ரெண்டு சீன்லயும் நம்ம வீட்டு ஆளு மாதிரி இருந்துட்டுப் போவாரு பாருங்க. எங்க வாப்பா குவைத்லேர்ந்து லீவுக்கு வந்தா "இந்த மனுசன் பேசுறது என் மாமா பேசுற மாதிரியே இருக்கு"ம்பாங்க. மாமாவுக்கு சுத்தமா கீழக்கரை பாஷை, என்ன ஒத்துமை கண்டாங்களோ!

மண்டபம் கேம்ப்:
சிந்து பைரவியை யாருமே சொல்லலயே. மிருதங்கம் குருமூர்த்தி. குடிச்சிட்டு கச்சேரிக்கு வந்து நிப்பார், பாடகர் ஜேகேபி வாடையைக் கண்டுபுடிச்சு மிருதங்கமே இல்லாம பாடுவார். அந்த நேரத்துல இவர் மூஞ்சி. எங்க சித்தப்பா ஒருத்தர் தவில் வாசிப்பார், இதே கேஸு, கல்யாண வீட்டுலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க, தவிலை பஸ்ல மடியில வச்சு உக்காந்து வந்தாரு, அப்ப எனக்கு பத்து வயசு, பக்கத்து சீட்டுல நான். பெரியாளாகி படம் பாத்தப்ப சித்தப்பா மூஞ்சியை இவர் எங்க பாத்தாருன்னுதான் தோணுச்சு.

அது கெடக்கட்டும், மைக்கேல் மதன காமராஜன்ல கல்யாண சாம்பார்ல விழுதே, அது என்ன மீனு? எங்க கடைல பாறைன்னு ஒரு கோஷ்டி, விளமீனுன்னு ஒரு கோஷ்டி.

பாம்பன் வாடை:
பாறைலாம் இல்ல. பாறை விழுந்தா சாம்பார் வாளியே கவுந்துரும்.

தங்கச்சிமடத்தான், அப்பாவுக்கு ஒரு வழி சொல்றேன். ராமேஸ்வரம் டிவி டவர் வர்றதுக்கு முந்தி நாங்கல்லாம் ஏரியலை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பாத்தவங்க, படம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், சத்தம் மட்டும் கணீர்னு வரும். அப்பல்லாம் குரலை வச்சுத்தான் யாரு நடிக்கிறான்னே கண்டுபுடிப்போம். உங்கப்பாவுக்குப் படத்தைக் காட்டாதீங்க, கண்ணை மூடச் சொல்லி சத்தத்தை மட்டும் கேக்க வைங்க.

தங்கச்சிமடத்தான்:
லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கங்க. நவம்பர் 20ந்தேதி மழை தெரியும்ல, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல ஊத்துச்சு, எங்க தெருவுலயும் முழங்கால் தண்ணி, கரண்ட் இல்ல. கட்டில் மேல நானும் அப்பாவும் மட்டும். போன்ல 14 பர்சென்ட் சார்ஜ். ரெண்டு படமும் மெமரி கார்டுல கெடந்துச்சு, கடல்ல பாக்க ஏத்தி வச்சது. போனை கவுத்து வச்சு முதல்ல வில்லன் சீனைப் போட்டேன், அப்புறம் மணி ஐயர். எங்கப்பா கரைல நின்னு இஞ்சின் சத்தத்தை வச்சே இது யாரு போட்டுனு சொல்ற ஆளு. ரெண்டாவது சீன் பாதி ஓடும்போதே "நிப்பாட்டு"ன்னார். "திரும்ப முதல்ல உள்ளதைப் போடு." போட்டேன். இருட்டுல மூஞ்சி தெரியல. "ஒரே இஞ்சின்தான், கியரை மாத்தி மாத்தி ஓட்டியிருக்கான் பாவி"ன்னார்.

அப்புறம் மண்டபம் அண்ணே, மீனு விஷயம் கேட்டேன். படத்தைப் பாத்தாத்தான் சொல்ல முடியும், கரண்ட் வரட்டும்னுட்டார்.