இழை: 'இணைய இருப்பு' சரியா? கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

மன்றப் பொறுப்பாசிரியர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

மாணவர் மன்றப் பொறுப்பாளர்களுக்கு 40 பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. இன்னும் 10 நாளில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதி முடித்தாயிற்று. வெப் பிரசென்ஸ், டிஜிட்டல் லிட்டரசி (கணினியையும் இணையத்தையும் புரிந்து பயன்படுத்தும் அறிவு) என்ற இரண்டுக்கும்தான் மனத்துக்குப் பிடித்த சொல் அமையவில்லை.

முதலாவதற்கு வரைவில் 'இணைய இருப்பு' என்று போட்டிருந்தேன். 'மன்றத்தின் இணைய இருப்பைக் கணக்கெடுக்கவும்' என்பது முதல் பயிற்சி. பொருளாளராக இருக்கும் மாணவி மறுநாளே மோடம் 1, கம்பி 3 என்று அழகாகப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அவர்மேல் தவறே இல்லை. கையிருப்பு, சரக்கிருப்பு, இருப்புப் பதிவேடு என்று எழுதிப் பழகிய கை.

நான் கேட்க நினைத்தது வேறு. மன்றத்தின் பெயரைத் தேடினால் என்ன வருகிறது? வருவது சரியா? அதைத் திருத்தும் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? நாங்களே தேடிப் பார்த்தோம். படிப்பு முடிந்து போய்விட்ட ஒரு செயலாளரின் கைபேசி எண்ணோடு பழைய பக்கம் ஒன்றுதான் முதலில் வந்தது. இந்த ஆண்டு அறிவிப்புகள் எல்லாம் சுவரொட்டியைப் படம் பிடித்து ஏற்றியவை. அதிலுள்ள ஒரு சொல்கூடத் தேடலில் சிக்கவில்லை. பார்வையற்ற உறுப்பினர் ஒருவரின் திரைபடிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள்) 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. இவை எல்லாவற்றையும் தாங்குகிற ஒரு சொல் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

'இணைய முன்னிலை' என்று வைத்துக்கொள்ளலாமே. அழைப்பிதழில் 'இன்னார் முன்னிலையில்' என்று போடுவது ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லத்தானே? இல்லையென்றால் 'இணையத் தோற்றம்'.

தமிழாசிரியை:

முன்னிலை என்றதும் மாணவர்களுக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கைதான் நினைவுக்கு வரும். 'இணையத் தோற்றம்' என்ற தலைப்பில் கட்டுரை கேட்டுப் பாருங்கள், இணையம் எப்படித் தோன்றியது என்று வரலாறு எழுதித் தருவார்கள்.

'இணைய இருப்பு' என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. சேர்த்து எழுதிப் பாருங்கள். இணையம் + இருப்பு: மகர ஈறு கெட்டு 'இணைய' என்று உயிரீறாக நிற்கும். இ, ஈ, ஐ வழி யகரமும் ஏனை உயிர்வழி வகரமும் உடம்படுமெய்யாக வரும் என்பது நன்னூல். ஆக, 'இணையவிருப்பு'. அதைப் பிரித்துப் படிப்பவர் 'இணைய விருப்பு' என்றுதான் படிப்பார். மன்றங்களின் படிவத்திலேயே 'எங்களோடு இணைய விருப்பமா?' என்று ஒரு வரி இருக்கிறது. சேர்த்து எழுதினால் பொருளே மாறிவிடும் சொல்லை நான் கலைச்சொல்லாக ஏற்கமாட்டேன். இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளலாம் என்பது விடையாகாது. கலைச்சொல் வேற்றுமை உருபு ஏற்க வேண்டும், அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்க வேண்டும்.

'வலை' என்று தொடங்குங்கள். ஐகாரத்தின் பின் யகரம் வரும். 'வலையிருப்பு'. ஒரு குழப்பமும் இல்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அம்மா அவர்களின் புணர்ச்சி விளக்கம் அருமை. ஆனால் 'இருப்பு' என்பதையே நான் ஏற்கத் தயங்குகிறேன். இருப்புப்பாதையில் வரும் இருப்பு எது? இரும்பு. மென்றொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் வன்றொடராகத் திரிந்தது. மருந்து + பை மருத்துப்பை ஆவது போல. ஒரே வடிவம் இரும்பையும் குறிக்கிறது, சரக்கையும் குறிக்கிறது, வீற்றிருத்தலையும் குறிக்கிறது.

உள்ளது என்பதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: உண்மை. உள் + மை. அதன் முதற்பொருள் உளதாம் தன்மை; எதிர்ச்சொல் இன்மை. பொய்க்கு எதிர் என்ற பொருள் பிறகு வந்து முதற்பொருளை மூடிவிட்டது. 'வலையுண்மை' என்று ஆக்கினால் ஒரு மன்றம் வலையில் உளது என்பதும், அங்கே அது சொல்வது மெய்யாக இருக்க வேண்டும் என்பதும் ஒரே சொல்லில் அடங்கும். பழைய செயலாளரின் எண் அங்கே நிற்பது உண்மையின்மை அல்லவா?

டிஜிட்டல் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது இலத்தீனில் விரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணியதால் விரலே இலக்கம் ஆயிற்று. நாமும் விரல்விட்டுத்தான் எண்ணுகிறோம், விரற்கடையால் அளந்திருக்கிறோம். இன்று திரையைத் தொடுவதும் விரலே. 'விரலெழுத்தறிவு' என்பதைக் குழு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

ஐயா, 'வலையுண்மை' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வதந்திகளைச் சரிபார்க்கும் பயிற்சி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். கையேட்டில் அதற்கென்று தனி இயலே இருக்கிறது.

நான் 'வலைமுகம்' என்று முன்மொழிய வந்தேன். முகவரி, முகப்பு என்ற வரிசையில் ஒட்டும் என்று நினைத்தேன். ஆனால் 'இடைமுகம்' இன்டர்ஃபேஸுக்கு நிலைத்துவிட்டது. வலைமுகத்தையும் அதன் ஒரு வகை என்றே நினைப்பார்கள். எனவே நானே விலக்கிக்கொள்கிறேன். 'இணையத் தடம்' என்று யாராவது சொல்வதற்கு முன்: தடம் என்பது நாம் அறியாமலே விட்டுப்போவது. இங்கே கேட்பது நாமே அமைத்துப் பேணுவது. ஆள்களப் பெயரைக்கூட (வலைத்தளத்தின் முகவரிப் பெயர்) ஒரே மூச்சில் 10 ஆண்டுக்கு மேல் பதிய முடியாது. யாராவது நினைவு வைத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வலையிருப்புக்கு என் வாக்கு. இணையம் வேறு, வலை வேறு. மின்னஞ்சல் இணையத்தில் ஓடுகிறது, அது வலை அல்ல. மூலத்திலும் வெப் என்றுதானே இருக்கிறது?

பொறுப்பாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சில மன்றங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் அறிக்கை தட்டுகிறார்கள். பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. வேறு இடத்தில் ஒட்டினால் குப்பையாக வரும், தமிழில் தேடினாலும் கிடைக்காது. சொல் எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடில் எழுதச் சொல்லும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

தமிழாசிரியை:

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும் கண்ணென்ப வாழும் உயிர்க்கு' என்று குறள் இரண்டையும் சேர்த்தே தந்திருக்கிறது. டிஜிட்டலுக்கு எண், லிட்டரசிக்கு எழுத்தறிவு. 'எண்ணெழுத்தறிவு' என்றால் போதும். 'டிஜிட்டல்' என்று எழுதினால் டகரம் மொழிக்கு முதலில் வராது, ஜகரம் தமிழெழுத்தே அன்று. வடசொல்லையே வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னவர் தொல்காப்பியர்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

அம்மா, எண்ணெழுத்து என்றால் எங்கள் துறையில் ௧, ௨, ௩ தான் நினைவுக்கு வரும். தமிழ்ச் சுழியம் ௦ யூனிகோடில் சேர்ந்ததே 2005இல், 4.1 பதிப்பில். எண்ணெழுத்தறிவு என்ற தலைப்பைக் கண்டால் தமிழ் எண்களைக் கற்றுத்தரும் வகுப்பு என்றே நானும் நினைப்பேன். டிஜிட்டலுக்கு 'எண்ணிமம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'எண்ணிம எழுத்தறிவு' என்று வைப்போம்.

தமிழாசிரியை:

எண்ணிமத்தில் உள்ள 'இமம்' என்ன விகுதி? யாராவது விளக்கினால் ஏற்கிறேன்.

மன்றப் பொறுப்பாசிரியர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை மாணவர்கள் பன்னிருவரிடம் இந்தச் சொற்களைப் பலகையில் எழுதிக் காட்டி, விளக்கம் சொல்லாமல், என்ன புரிகிறது என்று கேட்டேன். வலையிருப்பு என்றதும் எட்டுப் பேர் 'வலைப்பக்கம் வைத்திருப்பது' என்றார்கள். ஒருவர் 'வலையில் மாட்டிக்கொண்டு இருப்பது' என்றார். பொருளாளர் மாணவி, இதில் சரக்கு நினைவு வரவில்லை என்றார். எனக்கு அதுவே போதும்.

இரண்டாவதில் நான் எதிர்பாராதது நடந்தது. எந்த முன்னொட்டு வைத்தாலும் 'எழுத்தறிவு' என்ற சொல் அவர்களைச் சுட்டது. 'அது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நடத்துவது, எங்களுக்கு எதற்கு?' என்று கேட்டார்கள். அதே மாணவர்களில் ஏழு பேர் மன்றத்தின் இணையக் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனை) வைக்காதவர்கள். வகுப்பு அவர்களுக்குத்தான் வேண்டும். பெயரைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டால் யாருக்குப் பயன்? 'எண்ணிமத் திறன்' என்றதும் உட்கார்ந்தார்கள்.

ஆகவே, அச்சுக்கு வலையிருப்பு, எண்ணிமத் திறன். முதன்முறை வரும் இடத்தில் 'டிஜிட்டல் திறன்' என்று அடிக்குறிப்பு இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்: சரி.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்: சம்மதம்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

வலையுண்மையை வற்புறுத்தவில்லை. விரல் பற்றி மட்டும் தனி இழை தொடங்குகிறேன்.

தமிழாசிரியை:

வலையிருப்புக்கு மகிழ்ச்சி. மற்றதில் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். எழுத்தறிவு என்ற சொல் மாணவர்களைச் சுடுகிறது என்பதற்காக அதை நாம் விட்டுவிட்டால், திறன் வேறு அறிவு வேறு என்பதை எங்கே சொல்வது? படத்தை ஏற்றத் தெரிவது திறன். திரைபடிப்பானோடு உட்கார்ந்திருக்கும் அந்த உறுப்பினருக்கு அது என்ன ஆகும் என்று தெரிவது அறிவு. உங்கள் கையேடு இரண்டையும் கற்பிக்கிறது. தலைப்பு ஒன்றைத்தான் சொல்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.

'இமம்' பற்றிய கேள்விக்கும் இன்னும் விடை வரவில்லை.