வோயன்ஸில் பார்த்த எரிக் குன்டர்சன்

மண்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயமான ஸ்பீட்வே பற்றிப் பேச்சு வந்தால் பலரும் முதலில் ஹான்ஸ் நீல்சன் பெயரைத்தான் எடுக்கிறார்கள். நான்கு உலகப் பட்டம் வென்றவர், அதில் தப்பில்லை. நான் சொல்ல வந்தது எரிக் குன்டர்சனைப் பற்றி. 1984, 1985, 1988 என மூன்று முறை உலகச் சாம்பியன். டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துக்காரர். ஊரைவிட்டு டென்மார்க் வந்த நாங்கள் குடியிருந்ததும் அந்தப் பக்கம்தான். வேலைத்தலத்தில் அவர் பெயர் காதில் விழாத நாளே கிடையாது.

1988 செப்டம்பரில் உலக இறுதிப் போட்டி டென்மார்க்கிலேயே, வோயன்ஸ் என்ற ஊரில் நடந்தது. கூட வேலை செய்த டெனிஷ்காரர் ஒருவர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மைதானத்தை 70களில் உருவாக்கியவர் ஓலே ஓல்சன், டென்மார்க்கின் முதல் ஸ்பீட்வே உலகச் சாம்பியன். உள்ளே போனதுமே மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்து எரிகிற வாடை மூக்கில் ஏறியது. இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

பைக்கைக் கிட்டப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. 500 சிசி, ஒரே கியர், பிரேக் கிடையாது. ஓட்டுபவரின் இடது சப்பாத்துக்கு அடியில் இரும்புத் தகடு. வளைவு வந்ததும் அந்தக் காலைத் தரையில் ஊன்றி, பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் முதல் வளைவுப் பக்கம் நின்றோம். ஒரு ஓட்டத்தில் ஓடும் நாலு பேரும் ஒன்றாக உள்ளே நுழையும்போது மண் வாரி அடித்தது. குன்டர்சன் பெரிய உடம்புக்காரர் இல்லை. ஆனால் தொடக்கக் கோட்டில் கட்டியிருக்கும் நாடா மேலே போனதும் அவர் பாயும் விதத்தைப் பார்த்தால் அதெல்லாம் மறந்துபோகும்.

அப்போது எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். 16 பேர், 20 ஓட்டங்கள், ஒருவருக்கு ஐந்து ஓட்டம். முதலாவதுக்கு 3 புள்ளி, அடுத்து 2, அப்புறம் 1. ஒரு முறை சங்கிலி அறுந்தால் போச்சு, அந்த வருடமே போச்சு. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கையிலிருந்த நிகழ்ச்சிநிரல் புத்தகத்தின் கட்டங்களில் புள்ளிகளைக் குறித்தார்கள். நண்பர் எனக்கும் ஒரு பேனா தந்து எப்படிக் குறிப்பது என்று காட்டினார். 20 ஓட்டமும் முடிந்து கூட்டிப் பார்த்தால் குன்டர்சனுக்கு 14, நீல்சனுக்கும் 14! இருவரும் தனியாக இன்னொரு ஓட்டம் ஓட வேண்டியதாயிற்று. நாலு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். குன்டர்சன் ஜெயித்தார். மூன்றாம் இடம் யான் ஓ. பெடர்சனுக்கு. மேடையில் நின்ற மூவருமே டெனிஷ்காரர்கள், அதுவும் சொந்த மண்ணில். பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர், முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் செப்டம்பர் 17, இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் உலக அணிப் போட்டியின் இறுதி. முதல் ஓட்டம், முதல் வளைவு. நால்வரும் மோதி விழுந்தார்கள். குன்டர்சனுக்கு உயிர் தங்குமா என்பதே கேள்வியாக இருந்தது. திங்கட்கிழமை வேலைத்தலத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயிர் தங்கியது, மெல்ல மெல்ல எழுந்து நடக்கவும் செய்தார். பைக் பந்தயம் அதோடு முடிந்தது. பின்னாளில் டென்மார்க் அணிக்கு மேலாளராக இருந்தார். அந்தக் காலத்தில் வோயன்ஸில் ஒரு தடவை தூரத்தில் அவர் நடந்து போவதைப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் அவருக்குச் சிரமம் என்பது தெரிந்தது. பார்வையாளர்கள் வரிசை வரிசையாக எழுந்து கைதட்டினார்கள், நானும்தான்.

நீல்சனுக்கு நான்கு, குன்டர்சனுக்கு மூன்று என்று எண்ணிக்கையை வைத்து யார் பெரியவர் என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியாது. இருவரும் 1959இல் பிறந்தவர்கள். நீல்சன் நான்காவது பட்டத்தை எடுத்தது 1995இல், 35 வயதில். பிராட்ஃபர்டில் விழுந்த அன்று குன்டர்சனுக்கு 30 கூட ஆகவில்லை.