பெயிட்காஸ்டர் ரீல் கூடு கட்டுகிறது, பிரேக்கை எங்கே வைத்திருக்கிறான்?

திருப்பூர்த் தூண்டில்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. இத்தனை வருடமும் ஸ்பின்னிங் ரீல்தான் வைத்திருந்தேன். தாமரை இலைக்கு நடுவே தவளை லூர் (பொய் இரை) போட்டு விரால் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் போன மாதம் ஒரு பழைய பெயிட்காஸ்டரை, அதாவது வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூலே சுழலும் ரீலை, கைமாற்றாக வாங்கினேன், அன்றிலிருந்து மீன் பிடித்த நேரத்தைவிடக் கரையில் குத்தவைத்துச் சிக்கெடுத்த நேரம்தான் அதிகம். வீசினால் லூர் பாதி தூரம் போவதற்குள் ஸ்பூலில் நரம்பு சிக்கித் தூக்கணாங்குருவிக் கூடு. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகை இறுக்கினால் கூடு கட்டுவதில்லை, ஆனால் லூர் பத்தடியில் விழுகிறது, அதற்குக் கையாலேயே விட்டெறியலாம். வீடியோவில் எல்லாம் 1 முதல் 10 வரை எண் போட்ட டயலைத் திருப்புகிறார்கள், என் ரீலில் அப்படி ஒன்றுமே இல்லை. பிரெய்டு நரம்பு (பல இழை பின்னியது), 10 கிராம் தவளை. வாங்கிய அன்றே பிரித்துத் துடைத்து எண்ணெயும் விட்டேன். பிரேக் இல்லாத ரீலை என் தலையில் கட்டிவிட்டார்களா?

கூடுதுறைக்காரன்:
பதறாதீங்க தம்பி, பிரேக் உள்ளேதான் இருக்கும். நீங்கள் திருகிக்கொண்டிருப்பது ஸ்பூல் டென்ஷன், அது ஸ்பூலின் அச்சை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற திருகு. அதை மட்டும் வைத்துக் கூட்டை நிறுத்தப் பார்த்தால் வீச்சு முழுக்க இழுத்துப் பிடிக்கும், பத்தடியில் விழத்தான் செய்யும்.

கூடு ஏன் கட்டுகிறது என்றால், வீசியவுடன் ஸ்பூல் முழு வேகத்தில் சுற்றுகிறது, லூர் போகப் போகக் காற்று தடுத்து வேகம் குறைகிறது, ஸ்பூலுக்கு அது தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே போக இடமில்லாத நரம்பு உள்ளேயே சுருண்டு கொள்கிறது. பிரேக்கின் வேலை ஸ்பூலை லூரோடு சேர்ந்து ஓட வைப்பதுதான்.

டயல் இருந்தால் பெரும்பாலும் காந்த பிரேக். பழைய ஈபி மீட்டரில் அலுமினியத் தகடு ஒன்று சுற்றுமே, அதைக் காந்தம் தொடாமலே பிடித்து வைத்திருக்கும், அதே சங்கதிதான் இங்கே அலுமினிய ஸ்பூலில் நடக்கிறது. உங்களுடையதில் டயல் இல்லை என்றால் அனேகமாகச் சுழற்சி விசையில் வேலை செய்கிற வகை. கைப்பிடிக்கு எதிர்ப்பக்க மூடியைக் கழற்றுங்கள், சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகள் நாலோ ஆறோ இருக்கும். ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது அவை வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். பெரும்பாலான ரீல்களில் வெளிப்பக்கம் இழுத்துவிட்டால் பிரேக் வேலை செய்யும், உள்ளே தள்ளினால் செய்யாது. எத்தனை வெளியே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பூர்த் தூண்டில்:
திறந்து பார்த்தேனுங்ணா. ஆறு கட்டை, ஆறும் வெளியேதான் இருக்கிறது. அப்புறமும் ஏன் இப்படி?

கூடுதுறைக்காரன்:
எண்ணெய் விட்டேன் என்றீர்களே, எங்கெங்கே விட்டீர்கள்?

திருப்பூர்த் தூண்டில்:
எல்லா இடத்திலும்தான். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். அந்த வளையத்திலும் நல்லா வழிய வழிய விட்டேன்.

கூடுதுறைக்காரன்:
அது சரி. சைக்கிள் ரிம்முக்கு எண்ணெய் பூசிவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்கிற கதை. அந்தக் கட்டை வளையத்தில் உரசினால்தானே பிரேக், அதை வழவழப்பாக்கிவிட்டால் எதில் உரசும்? உங்கள் ஊரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம், நல்ல காய்ந்த துணியாக எடுத்து வளையத்தையும் கட்டைகளையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். பேரிங்குக்கு ஒரு சொட்டு போதும்.

துடைத்தபின் ஆறும் வெளியே இருக்கட்டும். தவளையைக் கட்டி ராடின் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அமுக்கினால் லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. அந்த அளவுக்கு டென்ஷனை வையுங்கள். கை பழகப் பழக கட்டைகளை எதிரெதிராக இரண்டிரண்டாக உள்ளே தள்ளுங்கள், ஒரே பக்கம் தள்ளினால் ஸ்பூல் அதிரும்.

ஆடிக்காத்து உடுமலை:
அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு ஒத்துவராது. லூரைத் தொங்கவிட்டு டென்ஷன் வைப்பது முதல் வாரத்துக்குச் சரி, அதற்கு மேல் அது வெறும் பழக்கம். ஸ்பூலைக் கட்டை விரலால் இடவலமாக ஆட்டிப் பாருங்கள், ‘டக் டக்’ ஆட்டம் நிற்கிற இடம் வரை இறுக்குங்கள், அப்புறம் அந்தத் திருகை மறந்துவிடுங்கள். மீதியைப் பிரேக்கும் கட்டை விரலும் பார்த்துக்கொள்ளும். லூர் தண்ணீரைத் தொடுகிற நொடியில் விரலால் ஸ்பூலை நிறுத்தாவிட்டால் எந்த பிரேக்காலும் ஆகாது, அந்த வகை பிரேக் வேகம் குறையக் குறையப் பிடியை விட்டுவிடும்.

இன்னொன்று காற்று. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் ஆளையே தள்ளும். அப்போது மேற்குக் கரையில் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று வீசுங்கள். எதிர்காற்றில் பழகப் போனால் ரீலைக் குளத்தில் எறிந்துவிட்டு வருவீர்கள்.

கூடுதுறைக்காரன்:
மறந்துவிடு என்று புதுசாக வருகிறவரிடம் சொன்னால் எப்படிங்க, அவர் ஒரு கூட்டுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கை பழகட்டும், அப்புறம் மறக்கலாம்.

சூலூர்க் குளத்துக்கரை:
பழகும்வரை பிரெய்டைக் கழற்றிவிட்டு 12, 14 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நரம்பு) போடுங்கள். பிரெய்டு சிக்கினால் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கத்திதான் கதி. முதலில் நல்ல நீளமாக வீசி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் நரம்பை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மீதி இருக்கிற நரம்பின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டிச் சுற்றிவிடுங்கள், கூடு அதற்குக் கீழே போகாது. கூடு கட்டினாலும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், கட்டை விரலால் நன்றாக அமுக்கிக்கொண்டு கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றி, அப்புறம் நரம்பை மெதுவாக இழுத்தால் பாதிக்கு மேல் தானே அவிழும்.

பழகுவது குளத்தில் வேண்டாம். அறுத்த சோளக்காட்டில் ஒரு நட்டைக் கட்டி வீசுங்கள்.

திருப்பூர்த் தூண்டில்:
நேற்றுப் பொழுதோட மாமனார் காட்டில் வீசிப் பார்த்தேனுங்க. துடைத்தபின் வேறு ரீல் மாதிரி இருக்கிறது. முப்பது வீச்சில் நாலு கூடு, அதில் மூன்று நான் விரலை வைக்க மறந்தது. தூரம் சுமார் 25 மீட்டர். நாலாவது கூட்டுக்கு மட்டும் காரணம் வேறு, பின்னால் நின்ற எருமையின் கொம்பில் நட்டு மாட்டிக்கொண்டது.

ஆடிக்காத்து உடுமலை:
எருமைக்கு எத்தனை பவுண்டு நரம்பு தாங்கியது?